கூலிம் தொழிற்சாலைத் தம்பிக்கு: இயந்திரமும் உலகச் சந்தையும் நம் சம்பளமும்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பாடாங் செராயிலிருந்து தினமும் கம்பெனி பஸ்ஸில் கூலிம் ஹைடெக் பார்க்குக்கு வேலைக்குப் போகும் ஒரு தம்பி கேட்டிருந்தார்:

"எங்கள் லைனுக்குப் புது இயந்திரம் வருகிறது. இப்போது ஷிப்டுக்குப் பதினான்கு பேர் நிற்கிறோம், இனிமேல் நான்கு பேர் போதுமாம். எங்களில் பாதிப் பேர் வெளிநாட்டுக்காரர்கள். எட்டு வருஷம் ஆகியும் என் அடிப்படைச் சம்பளம் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டியேதான் இருக்கிறது. பாட்டி பால் மரம் சீவினார், அப்பா செம்பனைக் குலை அறுத்தார். அவர்கள் காலத்திலும் இதே கதைதான் என்கிறார்கள். எங்கள் சம்பளத்தை அமுக்குவது இயந்திரமா, உலகமயமா, வெளிநாட்டு ஆட்களா? நான் இப்போது என்ன செய்வது?"

தம்பி, ஆறாம் படிவ மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் பொருளாதாரம் சொல்லிக் கொடுத்தவன் நான். பிறந்தது தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். அதனால் உங்கள் கேள்வியைப் பாடப் புத்தகக் கேள்வியாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை.

சுருக்கமான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் சொன்ன மூன்றுக்கும் பங்கு உண்டு. ஆனால் மூன்றும் ஒரே இடத்தில் வந்துதான் உங்கள் சம்பளத்தைத் தொடுகின்றன. நாளைக் காலை நீங்கள் இந்த வேலையை விட்டால் உங்களைக் கூப்பிட வேறு யார் இருக்கிறார்கள்? நீங்கள் விட்ட இடத்தில் நிற்க முதலாளிக்கு வேறு யார் கிடைப்பார்கள்? சம்பளம் பெரும்பாலும் இந்த இரண்டு கேள்விகளுக்கு நடுவில்தான் முடிவாகிறது. இயந்திரம் வந்தால் சிலருக்கு முதல் கேள்வியின் பதில் நல்லதாக மாறும், சிலருக்கு மோசமாகும். உலகச் சந்தையும் அப்படித்தான்.

இதை நம் தோட்டங்களை வைத்தே யோசித்த ஒரு பெரிய அறிஞர் இருந்தார், ஆர்தர் லூயிஸ். கரீபியக் கடலில் உள்ள செயின்ட் லூசியா என்ற சின்னத் தீவில் பிறந்தவர். 1979இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றார். அவர் கேட்ட கேள்வி எளிமையானது. ஆஸ்திரேலியாவில் ஆட்டு ரோமம் கத்தரிப்பவர் விற்பது உலகச் சந்தைக்கு. மலாயாவில் ரப்பர் மரம் சீவுபவர் விற்பதும் அதே உலகச் சந்தைக்குத்தான். அப்படியிருக்க, முன்னவருக்கு ஏன் நல்ல கூலி, பின்னவருக்கு ஏன் வயிற்றுப்பாட்டுக் கூலி? ரப்பர் பெறுமதி இல்லாத சரக்கு என்று யாரும் சொல்ல முடியாது. மோட்டார் காரே அதன் மேல்தான் ஓடியது.

லூயிஸ் சொன்ன பதில் இது. ஐரோப்பியக் குடியானவனை ஆஸ்திரேலியாவுக்குக் கப்பல் ஏற்ற வேண்டுமென்றால், அவன் ஊரில் சம்பாதிப்பதைவிட அதிகமாகக் கொடுக்க வேண்டும். அவன் ஊரில் விளைச்சல் நன்றாக இருந்தது, அதனால் அவன் விலையும் உயர்ந்தது. மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமென்றால் இந்தியாவிலும் சீனாவிலும் வறண்டுபோன வயலை நம்பிக் கிடந்தவர்களைக் கூப்பிட்டால் போதும். அந்த வயலில் கிடைத்ததைவிடச் சற்று அதிகம் கொடுத்தாலே வருவார்கள். ஆக, உங்கள் முன்னோர் கெடாவில் மரம் சீவிய கூலி கெடாவில் முடிவாகவில்லை. லண்டன் ரப்பர் சந்தையில்கூட முழுதாக முடிவாகவில்லை. மழை பொய்த்த ஏதோ ஒரு தமிழ்நாட்டுக் கிராமத்தில் முடிவானது. கங்காணி அங்கே போய் ஆள் பிடித்ததற்குக் காரணமும் அதுதான்.

இதைப் படித்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பல்கலைக்கழக நூலகத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நம் ஆட்கள் குறைவாகச் சம்பாதித்ததற்குப் படிக்காததும் குடித்ததும்தான் காரணம் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நான். வேறொரு காரணம் இருக்கிறது என்று முதலில் சொன்னவர் எங்கோ ஒரு கரீபியத் தீவில் பிறந்த ஒருவர் என்பது இன்றும் என் மனத்தில் நிற்கிறது.

லூயிஸின் வாதத்தில் இன்னொரு பாதியும் உண்டு, உங்கள் கேள்விக்கு அதுதான் நேரடியான பதில். வெளியே ஆட்கள் வரிசை நீளமாக இருக்கும்வரை, தொழிலாளியின் உற்பத்தி கூடினாலும் கூலி கூட வேண்டிய கட்டாயம் இல்லை. நம் தோட்டத்திலேயே பாருங்கள். 1925இல் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் தொடங்கினார்கள். ஒட்டுக் கட்டிய புதுவகை மரங்கள் வந்தன. ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற வகையைப் பழைய தோட்டத்துக்காரர்கள் இன்றும் பெயர் சொல்லிப் பேசுவார்கள். விதை போட்டு முளைத்த பழைய மரங்களைவிட இவை மூன்று மடங்கு பால் தந்தன. பிறகு பால் நிற்காமல் ஒழுக, பட்டையில் தடவும் எத்தஃபான் மருந்து வந்தது. சீவும் கை ஒன்றுதான், கத்தியும் ஏறத்தாழ அதேதான், கிடைத்த பாலோ மடங்கு மடங்காகக் கூடியது. கூலியும் மூன்று மடங்கு ஆனதா? இல்லை. லாபத்தில் ஒரு பங்கு டயர் வாங்கியவருக்கு மலிவு விலையாகப் போனது, ஒரு பங்கு பங்குதாரருக்குப் போனது. சீவியவருக்கு வந்தது மிச்சம்.

அந்த மிச்சமும் தானாக வரவில்லை. தொழிலாளர்களைக் கப்பலேற்றி அனுப்புவதை 1938இல் இந்திய அரசு தடை செய்தது. வெளியே நின்ற வரிசை அப்போதுதான் முதல்முறையாக அறுந்தது. 1941இல் கிள்ளானில் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலி உயர்வோடு, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கவும் கேட்டார்கள். பட்டாளத்தை இறக்கி அதை அடக்கினார்கள். 1954இல் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பிறந்து, கூலியைப் பேசித் தீர்க்கும் வழக்கம் உறுதியானது. நல்ல மரத்தைக் கொடுத்தது விஞ்ஞானம்தான். அதில் நம் பங்கைக் கூட்டியது இந்த மூன்றும்தான்.

உலகமயம் என்பதை ஏதோ நேற்று வந்ததுபோல் பேசுகிறார்கள். நம் ஊர்களே அதன் குழந்தைகள். ரப்பருக்கு முன்னால் மலாயாத் தோட்டங்களில் காப்பி பயிரிட்டார்கள். 1890களின் இறுதியில் பிரேசில் காப்பி சந்தையில் கொட்டி விலை விழுந்ததும், தோட்டக்காரர்கள் ரப்பருக்குத் தாவினார்கள். அமெரிக்காவில் 1908இல் ஃபோர்டு தன் மாடல் டி காரை இறக்கியதும் ரப்பர் விலை பறந்தது. 1930களின் மந்தத்தில் அந்தக் கார்களை வாங்க ஆளில்லை. இங்கே பல்லாயிரம் தமிழர்களைத் திருப்பிக் கப்பலேற்றினார்கள். 1942இல் ஜப்பான் மலாயாவைப் பிடித்ததும் அமெரிக்காவுக்கு ரப்பர் போவது நின்றது. மூன்றே ஆண்டுகளில் அவர்கள் பெட்ரோலியத்திலிருந்து செயற்கை ரப்பர் செய்யும் பெரிய ஆலைகளைக் கட்டினார்கள். போர் முடிந்து நம் ரப்பர் மறுபடி சந்தைக்குப் போனபோது அங்கே ஒரு போட்டியாளர் உட்கார்ந்திருந்தார். போகவும் இல்லை.

சரி, இயந்திரத்துக்கு வருவோம். தொழில்நுட்பம் வேலையைப் பறிப்பது பற்றிக் கேட்டால் எல்லாரும் ரோபோவைச் சொல்வார்கள். நான் ஒரு வண்டைச் சொல்வேன்.

ஜோகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் என் பெரியம்மா வேலை செய்தார். செம்பனையில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. அந்தக் காலத்தில் பல தோட்டங்களில், முக்கியமாக இளம் மரங்களில், காய் சரியாகப் பிடிக்காது. அதனால் பூந்தூளைச் சேர்த்து, முகப்பவுடர் மாவோடு கலந்து, சிறு ஊதுகுழலில் வைத்து, விரிந்த பெண் பூக்களாகத் தேடித் தேடி ஊத வேண்டும். சில நாளுக்கு ஒருமுறை அதே நிரைக்குத் திரும்பி வர வேண்டும். பெரும்பாலும் பெண்கள் செய்த வேலை இது. முள் கீறும், குனிந்து குனிந்து இடுப்பு ஒடியும். ஆனால் மாதம் முழுக்க உறுதியான வேலை. பெரியம்மா கையில் எப்போதும் அந்தப் பூந்தூள் வாசம் இருக்கும். பெருஞ்சீரக வாசம் மாதிரி.

ஆப்பிரிக்காவில் கேமரூன் நாட்டில் செம்பனை தானாகவே நன்றாகக் காய்ப்பதை ஆராய்ச்சியாளர்கள் கவனித்தார்கள். காரணம் ஒரு சிறு கூன்வண்டு. ஆண் பூவில் முட்டையிட்டு, பெண் பூவுக்கும் போய்வரும். நன்கு சோதித்த பிறகு 1981இல் அதை இங்கே கொண்டுவந்து, குளுவாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் முதலில் விட்டார்கள். கொஞ்ச காலத்திலேயே தீபகற்பம் முழுக்கப் பரவியது. காய்ப்பு கூடியது, குலை கனத்தது, நாட்டின் எண்ணெய் உற்பத்தி உயர்ந்தது. கூலி கேட்காத, லீவு எடுக்காத கோடிக்கணக்கான வண்டுகள் அந்தப் பெண்களின் வேலையை எடுத்துக்கொண்டன.

இதில் யாரையும் குற்றம் சொல்ல மாட்டேன். நல்ல விஞ்ஞானம் அது. நாட்டுக்குப் பெரிய லாபம். ஆனால் வேலை போன பெண்களுக்கு அந்த லாபத்தில் பங்கு என்று ஒரு காசு ஒதுக்கியதாக நான் கேள்விப்பட்டதில்லை. என் பெரியம்மாவை உதிரிப்பழம் பொறுக்கப் போட்டார்கள். குலை கனத்ததால் பொறுக்க நிறைய இருந்தது, கூலி மட்டும் முன்னைவிடக் குறைவு. அதே காலத்தில் பினாங்குப் பக்கம் இருந்த தோட்டத்துப் பெண்களுக்கு வேறு வழி இருந்தது. பாயான் லெப்பாஸில் 1972 முதல் மின்னணுத் தொழிற்சாலைகள் வந்துவிட்டன, தோட்டத்து வாசலுக்கே பஸ் அனுப்பி ஆள் எடுத்தார்கள். ஒரே வண்டு, ஒரே வேலை இழப்பு. ஆனால் தோட்டத்து வாசலில் பஸ் நின்றதா இல்லையா என்பதில் இரண்டு குடும்பங்களின் கதை பிரிந்தது. பொருளாதார அறிஞர்கள் இதைப் பெரிய பெரிய சமன்பாடுகளில் எழுதுகிறார்கள். எனக்கு அந்த பஸ்தான் ஞாபகம் வருகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. தோட்டத்தில் வேலையும் வீடும் ஒரே கையில் இருந்தன. வேலையை விட்டால் லயத்தைக் காலி செய்ய வேண்டும், பிள்ளையைத் தமிழ்ப்பள்ளியிலிருந்து எடுக்க வேண்டும், கோயில், கடன், உறவு எல்லாம் போகும். வேறு இடத்தில் இரண்டு வெள்ளி (ரிங்கிட்) அதிகம் கொடுத்தாலும் போக முடியாத ஆளுக்கு எதற்கு இரண்டு வெள்ளி அதிகம் தர வேண்டும்? ரப்பரை அழித்துச் செம்பனை நட்டபோது ஆள் தேவை பாதிக்கும் கீழே போனது. பிறகு தோட்டங்களே வீடமைப்புத் திட்டங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. வேலையோடு வீடும் போனவர்கள் பட்டணத்து ஓரங்களில் ஒதுங்கினார்கள். இன்று நீங்கள் வேலை செய்யும் கூலிம் ஹைடெக் பார்க் 1996இல் திறக்கப்பட்டது. அந்த வட்டாரமே பால்மரக் காடாக இருந்ததைப் பார்த்தவன் நான்.

இப்போது உங்கள் லைன். பினாங்கில் ஆரம்பத்தில் மின்னணுச் சில்லுக்குத் தங்கக் கம்பி கட்டுவதைப் பெண்கள் நுண்ணோக்கியில் கண் வைத்துக் கையால் செய்தார்கள். முடியைவிட மெல்லிய கம்பி. 1980களில் அதைத் தானியங்கி இயந்திரங்கள் எடுத்துக்கொண்டன. 1985, 86 பொருளாதார மந்தத்தில் நிறையப் பேரை நிறுத்தினார்கள். பிறகு உலகத்துக்குத் தேவைப்பட்ட சில்லுகளின் எண்ணிக்கை எங்கோ போனதால், தொழிற்சாலைகள் மறுபடி ஆள் எடுத்தன. ஆனால் வேறு வகை ஆட்களை. ஒரு பெண்ணுக்கு ஓர் இயந்திரம் என்ற நிலை மாறி, வரிசையாக நிற்கும் பல இயந்திரங்களை ஒருவர் பார்த்துக்கொள்வதும், பழுதானால் திறந்து சரிசெய்ய ஒரு டெக்னீஷனை வைப்பதும் வழக்கமானது. பினாங்குத் திறன் மேம்பாட்டு மையத்தை 1989இல் மாநில அரசும் கம்பெனிகளும் சேர்ந்து தொடங்கியதற்கு இதுதான் பின்னணி.

2003இல் ஆட்டர், லெவி, மர்னேன் என்ற மூன்று அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் இதற்கு ஒரு நல்ல விளக்கம் தந்தார்கள். கணினி முழு வேலையையும் எடுப்பதில்லை, வேலைக்குள் இருக்கும் வழக்கமான செயல்களை எடுக்கிறது. இப்படி வந்தால் இப்படிச் செய் என்று எழுதி வைக்கக்கூடிய எதையும் அது எடுத்துக்கொள்ளும். புதிதாக ஒரு சிக்கல் வரும்போது காரணம் கண்டுபிடிப்பது, பலரைப் பேசி ஒருங்கிணைப்பது போன்றவை மனிதரிடம் நிற்கும், அவற்றின் மதிப்பும் கூடும். உங்கள் லைனில் பதினான்கு பேர் நான்கு ஆவதும் அதுதான். அந்த நான்கு பேர் பழைய பதினான்கில் நான்கு பேரைப் போல இருக்க மாட்டார்கள்.

ஆனால் இதோடு நிறுத்திக்கொண்டால் பாதி உண்மைதான். உங்கள் அப்பாவின் வேலையைப் பாருங்கள். உயரமான கம்பில் கட்டிய அரிவாளை அண்ணாந்து பிடித்து, எந்தக் குலை பழுத்தது என்று நிறத்திலும் உதிர்ந்த பழத்திலும் கணக்குப் போட்டு, மட்டையை விலக்கி, குலை தலையில் விழாமல் அறுக்க வேண்டும். இது எழுதி வைக்கக்கூடிய வேலை இல்லை. நூறு ஆண்டாக இயந்திரத்தால் முழுசாகப் பிடிக்க முடியாத வேலை. அந்த விளக்கத்தின்படி அவருக்குச் சம்பளம் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. ஏன்? இயந்திரம் வெளியே நிற்கவில்லை என்றாலும் மனிதர்கள் நின்றார்கள். முதலில் இந்தோனேசியாவிலிருந்து, பிறகு வங்காளதேசம், நேப்பாளத்திலிருந்து.

வெளிநாட்டு ஆட்கள் பற்றி நீங்கள் கேட்டதற்கு நான் வெளிப்படையாகவே பதில் சொல்கிறேன். ஆம், ஒரே வேலைக்கு ஆட்கள் வரிசை நீளும்போது சம்பளம் அமுங்கும். இதை மறுப்பவர்கள் லைனில் நின்றதில்லை. ஆனால் அவர்கள் எண்ணிக்கை மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. அவர்கள் கட்டப்பட்டிருக்கும் விதமும் காரணம். ஏஜெண்டுக்குக் கட்டிய கடனோடு வருகிறார்கள். பெர்மிட் ஒரே முதலாளியின் பெயரில் இருக்கிறது. பக்கத்துக் கம்பெனி நூறு வெள்ளி அதிகம் தந்தாலும் மாற முடியாது. போக வழியில்லாத ஆளைப் பக்கத்தில் நிறுத்திவிட்டு உங்களிடம் சம்பளம் பேசுகிறார்கள், அவருடைய பூட்டு உங்கள் விலையையும் இறக்குகிறது. ஊழியர் சேமநிதியையே எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்காக முதலாளி 13 விழுக்காடு கட்ட வேண்டும். வெளிநாட்டுத் தொழிலாளருக்கு அது கட்டாயமானதே 2025 அக்டோபரிலிருந்துதான், அதுவும் 2 விழுக்காடு. இந்த வித்தியாசம் இருக்கும்வரை யாரை எடுக்க முதலாளிக்கு மனம் வரும் என்று நீங்களே கணக்குப் போடலாம்.

அதனால் அந்தப் பையன்கள் மேல் கோபப்படாதீர்கள் தம்பி. கடனோடு கப்பலேறி, ஒரு கங்காணியை நம்பி, ஒரு தோட்டத்தை விட்டு வெளியே போக முடியாமல் கிடந்தவர்கள்தான் நம் கொள்ளுத்தாத்தாக்கள். அவர்களுக்குச் சேமநிதி சமமாகவும் முதலாளியை மாற்றிக்கொள்ளும் உரிமையும் வேண்டும் என்று கேட்பது அவர்களுக்குச் செய்யும் தருமம் மட்டும் இல்லை, உங்கள் சம்பளத்துக்கும் அதுதான் வழி.

மலிவான ஆள் கிடைக்கும்போது இயந்திரமும் வராது என்பதையும் கவனியுங்கள். செம்பனை வாரியம் உருவாக்கிய சந்தாஸ் (Cantas) என்ற மோட்டார் அரிவாள் பல ஆண்டுகளாகவே இருக்கிறது. கை அரிவாளைவிட வேகமாக அறுக்கும். ஆள் மலிவாக வந்துகொண்டிருந்தவரை பல தோட்டங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2020இல் கோவிட் வந்து எல்லையை மூடியதும், அறுக்க ஆளில்லாமல் பழம் மரத்திலேயே அழுகியது. அதற்குப் பிறகுதான் எல்லாரும் இயந்திரம், டிரோன் என்று பேச ஆரம்பித்தார்கள். அதே 2020இல், கட்டாய உழைப்பு நடக்கிறது என்ற காரணத்தால் அமெரிக்கா இரண்டு பெரிய மலேசிய நிறுவனங்களின் பாமாயிலைத் துறைமுகத்திலேயே நிறுத்தியது. உலகச் சந்தை நம் கூலியை அமுக்கவும் செய்யும், சில நேரம் வெளிநாட்டு வாடிக்கையாளர் கேட்டதற்காகவே இங்கே தொழிலாளர் விடுதிக்கு மெத்தை வரவும் செய்யும்.

குறைந்தபட்சச் சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 2013இல் தீபகற்பத்துக்கு 900 வெள்ளியில் தொடங்கி, 2022 மே மாதம் 1,500, 2025 பிப்ரவரியிலிருந்து 1,700 என்று உயர்ந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் 'கம்பெனிகள் மூடிவிடும், ஆட்களை நிறுத்துவார்கள்' என்று சொன்னார்கள். நாடே நின்றுவிடவில்லை. போக வழியில்லாதவனுக்குச் சட்டம் ஒரு தரையைப் போட்டுக் கொடுக்கிறது, அந்த அளவில் நான் அதை முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் எட்டு வருஷ அனுபவமும் நேற்று வந்தவரும் ஒரே தரையில் நிற்பது உங்களுக்கு நடந்திருக்கும் அநியாயம். தரை உயர்ந்தபோது மேலே இருந்தவர்களைத் தள்ளி உயர்த்த யாரும் இல்லை. தோட்டத்தில் சங்கம் இருந்தது. மின்னணுத் தொழிலிலோ நீண்ட காலம் சங்கமே அனுமதிக்கப்படவில்லை. 1988இல் கம்பெனிக்குள் மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள், வட்டாரச் சங்கங்களுக்கு வழி பிறந்தது 2009க்குப் பிறகு. நாட்டின் மொத்த உற்பத்தி மதிப்பில் தொழிலாளர் கைக்குச் சம்பளமாக வருவது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். இந்த வரலாற்றோடு சேர்த்துத்தான் அந்த எண்ணைப் படிக்க வேண்டும்.

கடைசியாக, நீங்கள் என்ன செய்வது?

முதலில் உரிமைகளைத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் இதில் நாள் கணக்கு உண்டு. நீங்கள் எட்டு வருஷம் ஆனவர். ஆட்குறைப்பு என்று நிறுத்தினால், சட்டப்படி ஒவ்வொரு வருஷத்துக்கும் குறைந்தது 20 நாள் சம்பளம் இழப்பீடாகவும், எட்டு வார முன்னறிவிப்பும் தர வேண்டும். 'நீங்களே ராஜினாமா எழுதிக் கொடுங்கள், நல்ல பெயரோடு போகலாம்' என்று யாராவது இனிமையாகப் பேசினால் கையெழுத்துப் போடாதீர்கள். எழுதிக் கொடுத்தால் ஆட்குறைப்பு இழப்பீடும் போகும், பெர்கேசோ என்ற சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தின் வேலைக் காப்புறுதியும் போகும். முன்பு ஒரு கம்பெனி ஆள் குறைத்தபோது என் தங்கை மகன் இப்படித்தான் கையெழுத்துப் போட்டான். அவனோடு சேர்ந்து ஒரு பக்கம் கூடப் படித்துப் பார்க்காமல் விட்டதற்கு எனக்கு இன்றும் வருத்தம் உண்டு. வேலைக் காப்புறுதிக்கு, வேலை போன 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, அடுத்த மாதம் 50, அப்புறம் 40, 40, 30, 30 என்று ஆறு மாதம் வரை கிடைக்கும்.

ஆனால் அது வேலை போன பிறகு. இயந்திரம் வரும் முன்னால் இருக்கும் இந்தச் சில மாதங்கள்தான் உங்களுக்கு முக்கியம். அந்த இயந்திரத்தை நிறுவ ஆட்கள் வருவார்கள், அவர்கள் யாருக்காவது அதைக் கற்றுக் கொடுப்பார்கள். அந்த ஒருவராக நீங்கள் இருக்க வேண்டும். மேலாளரிடம் போய், பராமரிப்புப் பிரிவுக்கு மாற விரும்புகிறேன், பயிற்சிக்கு என் பெயரைச் சேருங்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ உள்ளூர் ஊழியர் வைத்திருக்கும் தொழிற்சாலைகள் மாதந்தோறும் சம்பளத் தொகையில் 1 விழுக்காட்டை மனிதவள மேம்பாட்டு நிதிக்குக் கட்டுகின்றன. அந்தப் பணம் உங்களைப் போன்ற உள்ளூர்த் தொழிலாளியின் பயிற்சிக்காகத்தான் இருக்கிறது. கேட்பதற்குக் கூச்சம் வேண்டாம்.

பயிற்சி எடுத்தால் சான்றிதழ் தரும் பயிற்சியாகப் பாருங்கள். மலேசியத் திறன் சான்றிதழ், அதுவும் மூன்றாம் நிலை, மின்னியல் அல்லது மெகட்ரானிக்ஸில் கையில் இருந்தால், உங்கள் திறமையை இந்தக் கம்பெனியின் வாசலுக்கு வெளியேயும் படித்துப் பார்க்க முடியும். எட்டு வருஷ அனுபவம் உங்கள் சூப்பர்வைசரின் தலைக்குள் மட்டும் இருந்தால், அதற்கு அவர் ஒருவர்தான் விலை சொல்ல முடியும். கூலிமில் இப்போது சந்தர்ப்பமும் இருக்கிறது. அமெரிக்காவும் சீனாவும் முட்டிக்கொள்வதால் சில்லுத் தொழில் இடம் தேடி இங்கே வருகிறது. 2006 முதல் இங்கே இருக்கும் இன்ஃபினியன் 2024 ஆகஸ்டில் சிலிக்கான் கார்பைடு சில்லு ஆலையின் முதல் கட்டத்தைத் திறந்தது. இந்த மாதிரி ஆலைகள் ஆயிரம் ஆபரேட்டரைத் தேடுவதில்லை. இயந்திரத்தைத் திறக்கத் தெரிந்தவரை ஒருவர் கையிலிருந்து ஒருவர் பறித்துக்கொள்கிறார்கள்.

வயதாகிவிட்டதே என்று யோசிக்க வேண்டாம். எட்டு வருஷமாக அந்த லைனில் எங்கே சிக்கும், எந்தச் சத்தம் வந்தால் அடுத்து என்ன பழுதாகும் என்று உங்களுக்குத் தெரியும். புதிதாகப் படித்துவிட்டு வரும் பையனுக்கு அது தெரியாது. இந்த வாரமே அந்த மாற்றக் கடிதத்தை எழுதுங்கள். எழுத உதவி வேண்டுமென்றால் சொல்லுங்கள், சேர்ந்து எழுதுவோம்.